பட்டறையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்



பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் வந்ததிலிருந்து நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களின் நிறமே மாறிவிட்டது. கதை பிடித்திருந்தது, கட்டுரை நீளம் என்றெல்லாம் எழுதுகிறவர்கள்கூட இந்த மாதம் கேட்பது ஒன்றைத்தான்: பிள்ளையை எதில் சேர்க்கலாம்?

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்குப் பத்தாம் வகுப்பில் சுமாரான மதிப்பெண். வீட்டில் மிக்ஸி, மின்விசிறி எது பழுதானாலும் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். பாலிடெக்னிக் போகிறேன் என்று அவன் சொல்ல, சொந்தக்காரர்கள் எல்லாரும் “அதெல்லாம் வேண்டாம், பிளஸ் ஒன்னில் போடு, இன்ஜினீயரிங் படிக்கட்டும்” என்கிறார்களாம். திருவண்ணாமலைப் பக்கமிருந்து ஒரு மாணவி, செவிலியராக வேண்டும் என்று ஆசைப்படுகிறார். பக்கத்து ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருக்கும் ஒரு பயிற்சி நிலையம் ஓராண்டில் நர்சிங் சான்றிதழ் தருகிறதாம். சேரலாமா என்று கேட்டிருக்கிறார்.

இருவருக்கும் தனியாகப் பதில் எழுதிவிட்டேன். ஆனால் இதே குழப்பத்தோடு இன்னும் எத்தனையோ வீடுகள் இருக்கும் என்பதால், இந்த மாத ஆசிரியர் பக்கத்தை இதற்கே கொடுக்கிறேன்.

கடிதங்கள் எல்லாவற்றிலும் யோசனை கல்லூரியின் பெயரிலிருந்துதான் தொடங்குகிறது. எந்தக் கல்லூரி நல்ல கல்லூரி, எவ்வளவு கட்டணம், பஸ் வருமா, கேம்பஸ் இன்டர்வியூ உண்டா. நான் உங்களைக் கேட்டுக்கொள்வது, கொஞ்ச நாள் கல்லூரிப் பேச்சையே எடுக்காமல் வேலையைப் பற்றி வீட்டில் பேசுங்கள் என்பதுதான். இருபத்தைந்து வயதில் உங்கள் பிள்ளை காலையில் கிளம்பி எங்கே போக ஆசைப்படுகிறான்? ஓரகடத்தில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி மிஷின் முன்னால் நிற்கவா? சொந்த ஊரில் ஏ.சி. சர்வீஸ் கடை வைக்கவா? கட்டட வேலை நடக்கும் இடத்தில் வரைபடத்தை விரித்துவைத்து மேஸ்திரிக்கு அளவு சொல்லவா? உங்கள் மகள் நிற்க நினைப்பது மருத்துவமனை வார்டிலா, ஆய்வுக்கூடத்திலா? இது தெளிவானால் அங்கே போய்ச் சேருகிற படிப்பு எது என்று பின்னோக்கி வரலாம். அந்தப் படிப்பை எந்த நிறுவனம் உருப்படியாகச் சொல்லித்தருகிறது என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தெரிந்துகொள்ள வழி பண்ண வேண்டியது நாம்தான். நீங்கள் நினைக்கும் வேலையைச் செய்கிற ஒருவர் உங்கள் தெருவிலோ அடுத்த தெருவிலோ இருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அவரோடு உட்காரவையுங்கள். என்ன படித்தார், முதல் சம்பளம் எவ்வளவு, நைட் ஷிப்ட் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வருகிறது, பத்து வருடத்தில் பதவி உயர்ந்ததா, இந்த வேலையில் அவருக்குப் பிடிக்காதது எது என்று அவனே கேட்கட்டும். நாம் சொன்னால் அறிவுரை என்று எடுத்துக்கொள்வான். வேலையில் இருப்பவர் சொன்னால் காது கொடுப்பான்.

விருதுநகர் அம்மாவுக்கு நான் எழுதியது ஒரு சின்னக் கணக்கு. பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடம், பி.இ. நான்கு வருடம், ஆக ஆறு வருடம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு டிப்ளமோ மூன்று வருடம். அதை முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டிலேயே நேரடியாகச் சேரலாம் என்பதால் அது மூன்று வருடம். இதுவும் ஆறு வருடம்தான். வித்தியாசம் நடுவழியில் இருக்கிறது. டிப்ளமோ வழியில் போகிறவன் மூன்றாம் வருட முடிவில் வேலைக்குப் போகத் தகுந்த ஒரு படிப்பைக் கையில் வைத்திருப்பான். வீட்டு நிலைமை சரியில்லை என்றால் அப்போதே வேலைக்குப் போய்க்கொள்ளலாம். பிளஸ் டூ முடித்து பி.இ.யில் நடுவே நின்றுபோனவனுக்கு அந்தப் பிடிமானம் இல்லை. ஐ.டி.ஐ. முடித்தவர்களும் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். எட்டாம் வகுப்போடு நின்று ஐ.டி.ஐ. படித்தவர் மொழித்தாள்களை எழுதி பத்தாம் வகுப்புக்கு இணையான சான்றும், பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐ.டி.ஐ. படித்தவர் அதேபோல் பிளஸ் டூவுக்கு இணையான சான்றும் பெற நம் மாநிலத்தில் வழி உண்டு. ஐ.டி.ஐ.யில் போட்டால் அதோடு படிப்பு முடிந்தது என்று பெரியவர்கள் பயமுறுத்துவதில் இப்போது உண்மை இல்லை.

ஒன்றை மட்டும் அந்த அம்மாவிடம் அழுத்திச் சொன்னேன். நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ.யில் சேரும் டிப்ளமோ மாணவர்கள் கணக்குப் பாடத்தில் திணறுவது உண்டு. பிற்பாடு பி.இ. போகும் எண்ணம் இருந்தால் பாலிடெக்னிக் முதலாண்டுக் கணக்கை ஏனோதானோ என்று விடக் கூடாது.

கையால் செய்து கற்பதைக் குறைவாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் எப்படி வேரூன்றியது என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இத்தனைக்கும் ஜி.டி. நாயுடு வாழ்ந்த மண் இது. பள்ளிப்படிப்பு அதிகமில்லாத அவர், 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். பிறகு மோட்டார், ரேசர், வானொலி என்று அவர் கை வைக்காத துறை குறைவு. 1945-ல் கோவையில் அன்றைய ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியதில் அவர் பங்கு பெரியது. இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி அந்த வழியில் வந்ததுதான். ஒரு பொறியாளரை உருவாக்க நான்கு வருடம் தேவையில்லை, பட்டறையில் வைத்துக் கற்றுத்தந்தால் சீக்கிரமே முடியும் என்பது அவர் கட்சி. அரசு அதை ஏற்கவில்லை. அவர் அந்தக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். நான்கு வருடமே வீண் என்ற அளவுக்கு நான் அவரோடு போகமாட்டேன். பாலம் கட்டவும் விமானம் வடிவமைக்கவும் ஆழமான கணக்கும் இயற்பியலும் வேண்டும். ஆனால் மிஷினைத் தொட்டுப் பழகாத படிப்பு அரைகுறைதான் என்று அவர் சொன்னதை இன்று எந்தக் கம்பெனி மேலாளரும் ஒப்புக்கொள்வார்.

அதனால்தான் சொல்கிறேன், கல்லூரியின் முகப்பைப் பார்க்காதீர்கள், பட்டறையைப் பாருங்கள். உழவு மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்காமல், நாலடி நடக்கவிட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. பிள்ளையின் மூன்று வருடத்துக்கு அந்த அளவு கவனமாவது வேண்டாமா?

வகுப்பு நடக்கும் நாளாகப் பார்த்து, காலை பத்தரை மணி வாக்கில் போங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். அட்மிஷன் அறையில் ஜூஸ் கொடுத்து உட்காரவைத்தால் குடித்துவிட்டு, “வொர்க்‌ஷாப்பை ஒருமுறை பார்க்கலாமா?” என்று கேளுங்கள். தயங்காமல் கூட்டிப்போகிறார்களா, “சாவி இருக்கிறவர் லீவு” என்கிறார்களா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

உள்ளே போனதும் லேத் மிஷின்களுக்குக் கீழே பாருங்கள். வேலை நடக்கிற இடத்தில் இரும்புத் துருவல் சுருள் சுருளாகக் கிடக்கும். எண்ணெய் வாடை மூக்கில் ஏறும். சக்கில் தூசு படிந்து, பெட் மேல் துரு ஏறியிருந்தால் அந்த மிஷின் ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் கணக்குக் காட்ட நிற்கிறது என்று பொருள். எத்தனை மிஷின் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். எத்தனை ஓடுகிறது, ஒரு மிஷினுக்கு எத்தனை பிள்ளைகள் என்று பாருங்கள். ஒருவன் ஓட்ட, எட்டுப் பேர் கை கட்டி வேடிக்கை பார்த்தால் அது பயிற்சி ஆகாது.

ஃபிட்டர் பிரிவு இருந்தால் அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள். சேர்ந்த புதிதில் பல வாரங்கள் அரம் பிடிப்பதுதான் அவர்களுக்கு வேலை. பெஞ்ச் வைஸில் இறுக்கிய இரும்புப் பட்டையை ராவி ராவிச் சமமாக்கி, மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார்கள். மட்டத்துக்கும் இரும்புக்கும் நடுவே மெல்லிய கோடாக வெளிச்சம் கசிந்தால் மறுபடி ராவ வேண்டும். உள்ளங்கை கன்றிப்போகும், தோள் வலிக்கும். நல்ல பயிற்றுநர் அந்த வெளிச்சக் கோடு மறையும்வரை விடமாட்டார். அங்கே நிற்கும் ஒரு பையனிடம், “தம்பி, இந்த ஜாப் நீ மட்டும் செய்ததா, நாலு பேர் சேர்ந்து செய்ததா?” என்று கேளுங்கள். “நான்தான் சார் செய்தேன், மூணாவது தடவை சரியா வந்துச்சு” என்று ஒருவன் சொல்கிற இடத்தில் தைரியமாகப் பிள்ளையை விடலாம். எலக்ட்ரீசியன் பிரிவு என்றால் வயரிங் பலகையில் கம்பிகள் பலமுறை கழற்றி மாட்டிய அடையாளம் இருக்கிறதா, மோட்டார் ரீவைண்டிங் பிள்ளைகள் கையால் செய்கிறார்களா என்று பாருங்கள். பட்டறை பூட்டியிருந்தால், கல்லூரி வாசலுக்கு எதிரே டீக்கடை இருக்கும். அங்கே வரும் சீனியர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள்.

பயிற்றுநர் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார், கம்பெனியில் வேலை பார்த்த அனுபவம் உண்டா என்பதையும் விசாரியுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிற இடத்தில் பிள்ளைகள் தாங்களாகவே கற்றுக்கொண்டால்தான் உண்டு.

அடுத்தது, ‘100 சதவீத வேலைவாய்ப்பு’ என்ற பேனர். இந்தப் பேனர் இல்லாத கல்லூரிச் சுவரை இப்போது பார்ப்பதே அரிது. கடைசி வருடத்தில் மொத்தம் எத்தனை பேர் படித்தார்கள், அதில் எத்தனை பேருக்கு ஆணை கிடைத்தது என்று இரண்டு எண்களையும் கேளுங்கள். வேலை கம்பெனியின் நேரடி வேலையா, கான்ட்ராக்டர் மூலமாகவா என்று கேளுங்கள். ‘ட்ரெய்னி’ என்றால் எத்தனை வருடம், அதற்குப் பிறகு நிரந்தரம் ஆக்குகிறார்களா, பிடித்தம் போகக் கையில் வருவது எவ்வளவு என்று கேளுங்கள். கல்லூரி கொடுக்கும் பட்டியலைவிட, இரண்டு வருடத்துக்கு முன் அங்கே படித்து முடித்த மூன்று பேரின் பேச்சு நம்பகமானது. முதல் வருடம் தாண்டியும் அதே வேலையில் இருக்கிறார்களா என்பதுதான் நான் மதிக்கும் கணக்கு.

இங்கே ஒரு முக்கியமான வாய்ப்பைப் பலர் தவறவிடுகிறார்கள். 1961-ம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் பயிற்சியாளர்களை எடுத்து, உதவித்தொகையும் கொடுத்து வேலை கற்றுத்தர வேண்டும். பெரம்பூர் ஐ.சி.எஃப்., திருச்சி பெல், நெய்வேலி நிலக்கரி நிறுவனம், ரயில்வே பணிமனைகள் எல்லாம் ‘அப்ரண்டிஸ்’ எடுக்கின்றன. டிப்ளமோ முடித்தவர்களுக்கான பழகுநர் பயிற்சியைத் தரமணியில் இருக்கும் தென்மண்டல வாரியம் கவனிக்கிறது. ஐ.டி.ஐ. முடித்ததும் கிடைத்த முதல் வேலையில் போய் உட்காராமல் இப்படி ஒரு வருடம் பழகியவனுக்குக் கை நன்றாகப் பேசும். பிள்ளை சேரப்போகும் ஐ.டி.ஐ.யிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ போன வருடம் எத்தனை பேர் அப்ரண்டிஸ் போனார்கள் என்பதையும் கேட்டுவையுங்கள்.

திருவண்ணாமலை மாணவிக்கு நான் கொடுத்த பதில் கறாரானது. சேராதே அம்மா என்று எழுதினேன். ஏ.என்.எம். இரண்டு வருடம், ஜி.என்.எம். மூன்று வருடம், பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். இவற்றில் ஒன்றை அங்கீகாரம் பெற்ற இடத்தில் முடித்து, மாநிலத்தின் செவிலியர் குழுமத்தில் பதிவு செய்தால்தான் செவிலியராக வேலை பார்க்க முடியும். ஓராண்டுச் சான்றிதழை வைத்துக்கொண்டு பதிவு செய்ய முடியாது. அந்தச் சான்றிதழோடு சின்ன மருத்துவமனைகளில் சொற்பக் கூலிக்கு வருடக்கணக்கில் உழைத்து, பிறகு அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அது செல்லாது என்று தெரிந்து அழுத பெண்களின் கடிதங்கள் இந்த மேசைக்கு வந்திருக்கின்றன. ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகளின் கனவில் காசு பார்க்கும் இந்த வியாபாரத்தை நினைத்தால் மனம் கொதிக்கிறது. நல்ல நர்சிங் கல்லூரியா என்று அறிய, பிள்ளைகளை எந்த மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள், அங்கே எத்தனை படுக்கை, அது எவ்வளவு தூரம் என்று கேட்டால் போதும்.

அங்கீகாரத்தில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கும், நீங்கள் சேரும் பிரிவுக்கு இருக்காது. பாலிடெக்னிக் என்றால் ஏ.ஐ.சி.டி.இ., ஐ.டி.ஐ. என்றால் மத்திய அரசின் பயிற்சித் தலைமை இயக்ககம் (டி.ஜி.டி.), மருந்தாளுநர் படிப்பு என்றால் பார்மசி கவுன்சில் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைப்பு. அவற்றின் தளத்தில் உங்கள் பிரிவின் பெயரே, இந்த ஆண்டுக்கே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் இவற்றைத் தாண்டி நம் கண்ணில் படாத நல்ல இடங்கள் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. 1968-லிருந்து கிண்டியில் இருக்கும் சிப்பெட், பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கே பிளாஸ்டிக் தொழில்நுட்பத்தில் மூன்று வருட டிப்ளமோ தருகிறது. நாம் வாங்கும் ஷாம்பு பாட்டிலிலிருந்து கார் பம்பர்வரை அச்சில் வார்த்து எடுக்கும் வேலை அது. கிண்டியிலேயே காலணித் தொழில் பயிற்சி நிலையமும் உண்டு. சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம், தரமணியில் அச்சுத் தொழிலுக்கும் தோல் தொழிலுக்கும் தனித்தனிக் கல்லூரிகள், மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கிய சிற்பக் கல்லூரி, துவாக்குடியில் ஓட்டல் மேலாண்மை நிறுவனம் என்று சொல்லிக்கொண்டே போகலாம்.

இப்படிப்பட்ட இடங்களில் எனக்குத் தனிப் பிரியம், மீன்பிடிக் கப்பல் வேலை கற்றுத்தரும் ராயபுரம் சிஃப்நெட் மேல். பத்தாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் ஓரளவு வந்தால் போதும்; மீன்பிடிக் கப்பலைச் செலுத்தவும், அதன் இன்ஜினைப் பராமரிக்கவும் தனித்தனியாக இரண்டு வருடப் பயிற்சி. அதன்பின் கடலில் பணிக்காலம் முடித்துத் தேர்வு எழுதி ஸ்கிப்பர்வரை உயரலாம். தூத்துக்குடி, நாகை, ராமேசுவரம் கரையில் அப்பாவோடு படகில் போய்க் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்தே தெரிந்துவைத்திருக்கிற பையன்களுக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு வேறு எது? ஆனால் அந்த ஊர்ப் பள்ளிகளிலேயே பலருக்கு இந்தப் பெயர் தெரியாது. ஆசிரியர்களாக இருக்கும் நம் வாசகர்கள் தயவுசெய்து வகுப்பில் சொல்லுங்கள்.

பெண்பிள்ளைகளின் அப்பாக்களிடம் ஒரு வேண்டுகோள். “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு மெக்கானிக்கல்?” என்ற பேச்சை விட்டுவிடுவோம். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் கம்பெனி பஸ்களில் போகிறவர்களைப் பாருங்கள், பெரும்பாலும் நம் கிராமத்துப் பெண்கள். பிளஸ் டூவோடு போகிறவர் லைனில் நிற்கிறார். டிப்ளமோவோடு போகிறவருக்கு மிஷின் பராமரிப்பு, தரப் பரிசோதனை, மேற்பார்வை என்று மேலே ஏறப் படிகள் இருக்கின்றன. உங்கள் மகள் எப்படியும் தொழிற்சாலைக்குள் போகத்தான் போகிறாள் என்றால், படித்துவிட்டுப் போகட்டுமே.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்கு, பெண்கள் என்றால் புதுமைப்பெண், ஆண்கள் என்றால் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பட்டப்படிப்பு மட்டுமல்ல, டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் இது பொருந்தும். தனியாரில் சேர்ப்பதென்றால் முழுப் படிப்புக்கும் ஆகும் மொத்தச் செலவையும் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு செமஸ்டரிலும் புதிதாக ஒரு கட்டணம் முளைக்கும் இடங்கள் உண்டு. அசல் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்களைக் கல்லூரி வாங்கிப் பூட்டிவைத்துக்கொள்ளக் கூடாது, சரிபார்த்துவிட்டுத் திருப்பித்தர வேண்டும் என்று யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் சொல்லியிருக்கின்றன. பிள்ளைக்குப் படிப்பு பிடிக்காமல் வேறிடம் மாற நினைக்கும்போது பெற்றோர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

தூரத்தையும் யோசியுங்கள். பெயர்பெற்ற கல்லூரி என்று போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய்வரும் பிள்ளை பட்டறையில் களைத்துத்தான் நிற்பான். பக்கத்து ஊர் அரசு பாலிடெக்னிக்கில் மிஷின் ஓடுகிறதென்றால், பயிற்றுநர் அக்கறை உள்ளவர் என்றால், நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கடைசியாக, உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். நம் வாசகர்களில் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், நர்சிங், கேட்டரிங் என்று படித்து வேலைக்குப் போனவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நீங்கள் படித்த இடத்தில் பட்டறை எப்படி இருந்தது, எந்த ஆசிரியர் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார், முதல் வேலை எப்படிக் கிடைத்தது, இப்போது சேருகிறவர் எதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம். அடுத்த இதழில் நான்கு பக்கங்களை இதற்கு ஒதுக்கியிருக்கிறோம். கலந்தாய்வுக்குப் போகிறவர்கள் கையில் அது இருக்க வேண்டும் என்பதால் இதழை ஐந்து நாள் முன்னதாகவே கொண்டுவருகிறோம். கடிதங்கள் இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் எங்களுக்குக் கிடைக்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்